மூச்சு: பதினெட்டு

கொட்டாஞ்சேனை
2025 மார்ச் 4

மதிப்பிற்குரிய ஷபீகா அவர்களுக்கு,

பதினோரு ஆண்டுகள் ஒரே தாதியர் கல்லூரியில் பணியாற்றி, மாணவர்களுக்கான பாடநூலையும் சேர்ந்து எழுதிய இருவருக்கிடையில் இப்படியொரு கடிதம் போவது விரும்பத்தக்கதல்ல. ஆயினும் தொலைபேசியில் நான் பேசப்போவதில்லை. தொலைபேசியில் சொன்னதை மறுநாள் எவரும் ஒப்புக்கொள்வதில்லை. எழுத்தில் இருக்கட்டும்.

என் அண்ணன் கிளெமென்ற், வெள்ளவத்தையில் நம் மாணவர்கள் உங்கள் பொறுப்பில் பயிற்சி பெறும் அந்தத் தனியார் மருத்துவமனையில், பெப்ரவரி 25ஆம் திகதி பித்தப்பைச் சத்திரசிகிச்சை செய்துகொண்டார். 27ஆம் திகதி காலை அவருடைய உதடுகள் நீலம்பாரித்திருந்தன. அரசாங்க மருத்துவமனையின் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு மாற்றப்பட்டார். நிமோனியா. இன்றைக்கும் அவருக்காக ஓர் இயந்திரமே மூச்சுவிடுகிறது.

அவருடைய அவதானிப்பு அட்டவணையின் பிரதியைப் பெற்றேன், இத்துடன் இணைத்துள்ளேன். நான்கு மணித்தியாலத்துக்கு ஒன்றாக ஒன்பது பதிவுகள். நாடி 84இல் தொடங்கி 112 வரை ஏறியிருக்கிறது. காய்ச்சல் ஏறியிருக்கிறது. மூச்சு மட்டும் பதினெட்டு. ஒன்பது தடவையும் பதினெட்டு. உயிருள்ள மனிதன் எவனும் முப்பத்திரண்டு மணித்தியாலம் ஒரே எண்ணில் மூச்சு விடுவதில்லை. இறந்தவன் விடக்கூடும்; ஆனால் அவனுடைய எண் பதினெட்டல்ல.

வளர்ந்த ஒருவர் நிமிடத்துக்குப் பன்னிரண்டு முதல் இருபது தடவை மூச்சு விடுவார் என்பதையும், நெஞ்சில் நோய் இறங்கும்போது பெரும்பாலும் முதலில் மாறுவது அந்த எண்ணே என்பதையும் நம் நூலின் மூன்றாம் அத்தியாயத்தில் எழுதியிருக்கிறோம். அந்த ஒரு கட்டத்தில் உண்மை எழுதப்பட்டிருந்தால் வைத்தியர் 26ஆம் திகதி மாலையே அழைக்கப்பட்டிருப்பார்.

ஆறாவது பதிவு, 26ஆம் திகதி மாலை ஐந்து மணிக்குரியது, என் கண்முன்னால் எழுதப்பட்டது. எழுதியவர் நம் இறுதியாண்டு மாணவி. அவருடைய பெயரையும் பதிவிலக்கத்தையும் எனக்கு அனுப்பிவையுங்கள். மே மாத இறுதிப் பரீட்சைக்கு அவர் தோற்றக்கூடாது என்று பரீட்சைக் குழுவுக்கு முறைப்பாடு செய்யவுள்ளேன்.

இங்ஙனம்,
செ. ஒஸ்வால்ட்
சிரேஷ்ட விரிவுரையாளர்


வெள்ளவத்தை
2025 மார்ச் 7

ஒஸ்வால்ட் சேருக்கு,

உங்கள் அண்ணனுக்காக ஐந்து நேரமும் துஆக் கேட்கிறேன். வார்டில் எல்லாப் பிள்ளைகளுக்கும் அவரைத் தெரியும். “மிஸ்ஸி, இந்தச் சூப்ப வடிச்சது வார்டிலயா, ஹார்பரிலயா?” என்று கேட்டு எல்லாரையும் சிரிக்க வைத்தவர். துறைமுகத்தில் கிரேன் ஓட்டின மனிசன் என்றாலும் ஊசிக்கு மட்டும் கண்ணை மூடிக்கொள்வார். அவருக்கு இப்படி ஆனது எங்களுக்கும் கல்தான் சேர், நெஞ்சில்.

அட்டவணையைப் பார்த்தேன். வெட்கப்படுகிறேன். அதை மறைக்கமாட்டேன்.

ஆனால் ஒன்பது பதிவில் எட்டு, சம்பளம் வாங்கும் தாதிமார் எழுதியது. அந்த எட்டைப் பற்றி நிர்வாகத்திடம் எழுத்தில் கேட்டிருக்கிறேன். “கவனத்தில் எடுத்துள்ளோம்” என்று ஒரு வரி பதில் வந்தது. நீங்கள் அந்த எட்டுப் பேரின் பெயரைக் கேட்கவில்லை. ஒன்பதாவது ஆளின் பெயரைத்தான் கேட்கிறீர்கள். அவள் மட்டும்தான் உங்கள் கைக்கு எட்டுகிறவள்.

அவள் பெயர் நிம்றா. அதை ஒளிக்கமுடியாது, வரவுப் புத்தகத்தில் இருக்கிறது. கொலன்னாவையிலிருந்து இரண்டு பஸ் மாறி வருகிறவள். முறைப்பாட்டை அனுப்ப முன் அவளை ஒரு தடவை கூப்பிட்டுக் கேளுங்கள். நான் நாலு தரம் கோல் எடுத்தேன். நீங்கள் கட் பண்ணினீர்கள். சரி, எழுதுகிறேன். ஆனால் கேளுங்கள்.

ஷபீகா


கொட்டாஞ்சேனை
2025 மார்ச் 9

மதிப்பிற்குரிய ஷபீகா அவர்களுக்கு,

முறைப்பாடு நேற்றுப் பதிவுத் தபாலில் அனுப்பப்பட்டுவிட்டது. பிரதி இணைக்கப்பட்டுள்ளது.

அந்த மாணவியை அழைத்துக் கேட்கவேண்டிய தேவை எனக்கில்லை. கேட்பது, காணாதவர் செய்வது. நான் கண்டவன். மற்ற எட்டுப் பதிவுகளைப் பற்றி நான் ஊகிக்க மட்டுமே முடியும். ஆறாவதைப் பற்றிச் சத்தியம் செய்யமுடியும். கண்டதை வரிசையாக எழுதுகிறேன். இதையே குழுவுக்கும் எழுதியிருக்கிறேன்.

பார்வையாளர் நேரத்தில் நான் கட்டிலின் தலைமாட்டில் அமர்ந்திருந்தேன். மாணவி வந்தார். என்னைக் கண்டதும் முகம் வெளுத்தது, அது இயல்பே. காய்ச்சல் பார்த்தார். இரத்த அழுத்தம் பார்த்தார். பிறகு அண்ணனின் மணிக்கட்டைப் பிடித்தார். நாடி பார்க்க முப்பது விநாடி போதும். அவரோ ஒரு நிமிடத்தைத் தாண்டியும் பிடித்த பிடியை விடவில்லை. கண்களைப் போர்வையின்மீது பதித்தபடி, சொப்பனம் காண்பவரைப்போல நின்றார். இறுதியாண்டு மாணவி ஒருவரின் அந்த மந்தத்தைப் பொறுக்கமுடியாமல் நானே பேச்சைத் தொடங்கினேன்.

“இவருக்கு நீரிழிவு இருக்கிறது. எந்த வகை நோய்?”

“நாட்பட்ட நோய் சேர். தொற்றா நோய்.”

“பித்தப்பை அழற்சி?”

கண்கள் அப்போதும் போர்வையிலேயே. பிறகு, “திடீரென்று வாறது சேர்... தீவிர நோய்.”

“நோயாளி சொல்லும் குறிக்கும் தாதி காணும் குறிக்கும் வேறுபாடு என்ன?”

அதற்கு அவர் தந்த விடை பாதி சரி. அப்போதும் கை மணிக்கட்டிலேயே இருந்தது. அண்ணன் சிரித்து, “டேய், என்ட வயித்தில நாலு ஓட்டை போட்டு வச்சிருக்கு. இதுக்குள்ள நீ வகுப்பெடுக்கிறியா? விடடா, பாவம் பிள்ள” என்றார். மாணவி கையை எடுத்தார். பேனாவைத் திறந்தார். நாடி 108 என்றும், மூச்சு 18 என்றும் எழுதிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார்.

கையை எடுத்த பின்னர் அவர் எதையும் எண்ணவில்லை. ஒரு விநாடிகூட எண்ணவில்லை. நான் அங்கேயே இருந்தேன். ஒருவரின் மூச்சை எண்ணாமலே எண்ணியதாக எழுதுவது கவனக்குறைவல்ல, பொய்ச்சாட்சி.

இங்ஙனம்,
செ. ஒஸ்வால்ட்
சிரேஷ்ட விரிவுரையாளர்


வெள்ளவத்தை
2025 மார்ச் 14

ஒஸ்வால்ட் சேருக்கு,

உங்கள் கடிதத்தை மூன்று தரம் வாசித்தேன். பிறகு எழுந்து போய் எங்கள் புத்தகத்தை எடுத்து வந்தேன். நாற்பத்தோராம் பக்கம். அந்தப் பக்கத்தை எழுதினது நான் இல்லை, நீங்கள். அப்படியே பார்த்து எழுதுகிறேன்:

“நாடியை எண்ணி முடித்த பின்னரும் நோயாளியின் மணிக்கட்டிலிருந்து விரல்களை எடுக்காதீர்கள். தன் மூச்சு எண்ணப்படுகிறது என்று அறிந்தால் எவரும் அறியாமலே அதை மாற்றிக்கொள்வார். நாடி பார்க்கப்படுவதாகவே அவர் நினைத்திருக்க, கண்களை மட்டும் மார்புக்குக் கொண்டுசென்று, எழுச்சியை முழு ஒரு நிமிடம் எண்ணுங்கள்.”

ஒரு நிமிடத்தைத் தாண்டியும் விடவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். கண் போர்வையின்மேல் என்று எழுதியிருக்கிறீர்கள். போர்வைக்குக் கீழே என்ன இருந்தது சேர்?

நிம்றாவை இருத்திக் கேட்டேன். அவள் சொன்னதை அவள் சொன்ன மாதிரியே எழுதுகிறேன்.

“நாடி எண்ணி முடிச்சிட்டன் மிஸ். பொறவு மூச்சு எண்ணிக்கொண்டு ஈந்தன். பதினஞ்சு வந்திச்சி. மணிக்கூட்டப் பார்த்தா அரை நிமிசம். எனக்குப் பயமாப் போச்சு, கூடவா ஈக்கே எண்டு. அப்ப சேர் கேட்டார், டயபிட்டிஸ் எந்த வகை எண்டு.”

“எண்ணினது என்னாச்சு?”

“போச்சு மிஸ். திரும்பித் தொடங்கினன். ஒன்பது வரக்க அடுத்த கேள்வி. திரும்பியும் தொடங்கினன். அப்ப குறி பத்தின கேள்வி. பொறவு அந்த அங்கிள் சிரிச்சிட்டார். சிரிச்சாப் பொறவு எண்ணி என்ன மிஸ்?”

“அதுக்குப் பதினெட்டு எண்டு போடுறதா?”

“சேர் கேட்டதுக்கு எல்லாம் சரியாத்தானே மிஸ் சொன்னன்?” என்று அழுதாள்.

ஆறு மணிக்குத் திரும்பி வந்து எண்ணலாம் என்று நினைத்தாளாம். பதினெட்டுக்குப் பக்கத்தில் பென்சிலால் ஒரு புள்ளி வைத்தாளாம், மறக்காமலிருக்க. ஆறு மணிக்கு அவளை மேல்மாடிக்கு அனுப்பிவிட்டார்கள். அங்கே ஒரு தாதி வரவில்லை.

ஒன்பது பேரில் எண்ணத் தொடங்கின ஆள் அவள் ஒருத்திதான். அவளை நிறுத்தினது யாரென்று நான் எழுதமாட்டேன். நீங்கள் ஏற்கெனவே எழுதிவிட்டீர்கள், குழுவுக்கும் அனுப்பிவிட்டீர்கள்.

ஷபீகா


கொட்டாஞ்சேனை
2025 ஏப்ரல் 1

ஷபீகா அவர்களுக்கு,

அண்ணனை இயந்திரத்திலிருந்து எடுத்துவிட்டார்கள். இப்போது ஒட்சிசன் மட்டும். குரல் திரும்பவில்லை.

உங்கள் கடிதத்தின் தொனியைக் கவனித்தேன். உள்ளடக்கத்தைப் பற்றிச் சொல்வதானால், “பொறுங்கள், எண்ணிக்கொண்டிருக்கிறேன்” என்பதை ஒரு மூச்சில் சொல்லிவிடலாம். அதைச் சொல்ல அவரை எவரும் தடுக்கவில்லை. அதைச் சொல்ல இயலாதவிடத்து, அந்தக் கட்டத்தை வெறுமையாக விட்டிருக்கலாம். வெறுமையான கட்டம் வைத்தியரைக் கேள்வி கேட்க வைத்திருக்கும். பதினெட்டு அவரை வீட்டுக்குப் போக வைத்தது.

என் கேள்விகள் சரியான நேரத்தில் கேட்கப்பட்டனவா என்பது வேறு விடயம். இந்த விசாரணை அதைப் பற்றியதல்ல.

செ. ஒஸ்வால்ட்


வெள்ளவத்தை
2025 ஏப்ரல் 6

சேர்,

“பொறுங்கள்” என்று சொல்லலாமாம். உங்களிடம்.

அருந்ததியை ஞாபகம் இருக்கிறதா? மூன்று வருடத்துக்கு முந்தின பிரிவு. செய்முறைப் பரீட்சையில் “ஒரு நிமிசம் சேர்” என்று சொன்ன பிள்ளை. “நோயாளி உங்களுக்காக ஒரு நிமிடம் சாவைத் தள்ளிவைப்பாரா?” என்று கேட்டீர்கள். வகுப்பே சிரித்தது. நானும் பின்வரிசை வாங்கில் இருந்து சிரித்தேன், அல்லாஹ் மன்னிக்கவேணும். அதற்குப் பிறகு அந்தக் கல்லூரியில் ஒரு பிள்ளையும் உங்களிடம் ஒரு நிமிசம் கேட்டதில்லை.

வெறுமையாக விடலாமாம். செய்முறைப் பரீட்சையின் புள்ளித் திட்டம் என் மேசையில் இருக்கிறது. உங்கள் கையெழுத்து: “கட்டங்கள் எதுவும் வெறுமையாக விடப்படலாகாது. ஒவ்வொரு வெறுமைக்கும் ஐந்து புள்ளிகள் குறைக்கப்படும்.” பிழையான எண்ணுக்கு எத்தனை குறைப்பு? இரண்டு. மூன்று வருடம் இதைப் படித்த பிள்ளை எதைத் தெரிவு செய்வாள்?

இனி ஏன் பதினெட்டு? ஏன் பதினாறில்லை, இருபதில்லை? நாற்பத்துநாலாம் பக்கத்தைத் திறவுங்கள். மாதிரி அட்டவணை. நாலு வரி. நாடி மாறுகிறது, காய்ச்சல் மாறுகிறது. மூச்சு நாலு வரியிலும் பதினெட்டு. நீங்கள் தட்டச்சு செய்தது. அச்சுக்குப் போக முன் பிழை பார்த்தது நான். இரண்டு பேருடைய கண்ணிலும் படவில்லை. ஏனென்றால் நாங்களும் அந்தக் கட்டத்தை வாசிப்பதில்லை.

உங்கள் அண்ணன் ஒட்சிசனில் என்று கேட்டு அல்ஹம்துலில்லாஹ் சொன்னேன். விசாரணை 24ஆம் திகதி. நிம்றாவின் வாப்பா கொலன்னாவை எண்ணெய்த் தாங்கி கேற்றில் காவல் வேலை. லீவு போட்டுவிட்டார். மகள் எண்ணத் தெரியாதவள் என்று யாரோ அவருக்குச் சொல்லியிருக்கிறார்கள்.

ஷபீகா


கொட்டாஞ்சேனை
2025 மே 11

ஷபீகா,

உங்கள் கடைசிக் கடிதத்துக்கு ஒரு மாதத்துக்கு மேலாகப் பதில் எழுதவில்லை. எழுதுவதற்குப் பதிலாகச் செய்யலாம் என்று நினைத்திருந்தேன். என்ன செய்தேன், என்ன ஆனது என்பதை நீங்கள் பிறர் வாயால் கேட்டிருப்பீர்கள். வரிசையாகச் சொல்வது என் கடமை.

ஏப்ரல் 16ஆம் திகதி பரீட்சைக் குழுவின் அலுவலகத்துக்குப் போய் முறைப்பாட்டை மீளப்பெற விண்ணப்பித்தேன். எழுதுவினைஞர் என் விண்ணப்பத்தை வாசிக்காமலே திருப்பித் தந்தார். “சேர், உள்ளுக்கு வந்தது வெளியால போகாது. ஃபைல் திறந்தாச்சு. நீங்கள்தானே ரெஜிஸ்டர் தபாலில போட்டீங்க?” என்றார். நான்தான் போட்டேன்.

விசாரணைக்குப் பாடநூலைக் கொண்டுபோனேன். நாற்பத்தோராம் பக்கத்தை வாசித்தேன். பிறகு என் முறைப்பாட்டின் இரண்டாம் பந்தியை வாசித்தேன். இரண்டையும் அடுத்தடுத்து வாசித்தால் விளங்கும் என்று நம்பினேன். தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, “நீங்கள் முறைப்பாட்டாளரா, பிள்ளையின் சாட்சியா?” என்று கேட்டார். இரண்டும் என்றேன். “அப்படியொரு கட்டம் படிவத்தில் இல்லையே” என்றார். மற்ற இருவரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு எனக்குப் பரிச்சயமானது.

மூல அட்டவணையைக் கேட்டுப் பெற்றேன். பென்சில் புள்ளி இருக்கிறது. என்னிடமுள்ள பிரதியிலும் அது இருந்தது. பிரதி இயந்திரத்தின் அழுக்கு என்று எண்ணி விரலால் தட்டிவிட முயன்றிருக்கிறேன். அதைக் காட்டினேன். பென்சில் குறிகள் அட்டவணையின் பகுதியாகக் கருதப்படுவதில்லை என்றார்கள்.

நிம்றாவிடம் கேட்டார்கள், எண்ணினாயா என்று. “பதினஞ்சு வரைக்கும் எண்ணினன் சேர்.” எண்ணவிடாமல் தடுத்தது யார் என்று கேட்டார்கள். அவள் என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. “ஒருத்தரும் இல்ல சேர்” என்றாள். நான் எழுந்து, நான்தான் என்றேன். முறைப்பாட்டாளர் தம் முறை வரும்போது பேசலாம் என்றார்கள். என் முறை முடிந்திருந்தது.

முடிவு உங்களுக்குத் தெரியும். மே மாதப் பரீட்சை இல்லை, நவம்பரில் தோற்றலாம். மற்ற எட்டுப் பதிவுகளும் குழுவின் அதிகாரத்துக்கு அப்பாற்பட்டவை. தீர்மானத்தின் கடைசி வரியை நீங்கள் பார்த்திருக்கமாட்டீர்கள், அது அன்றே என் கையில் தந்த பிரதியில் மட்டும் இருந்தது: “நோயாளர் பாதுகாப்பில் காட்டிய அக்கறைக்காக விரிவுரையாளருக்குக் குழு தன் நன்றியைத் தெரிவிக்கிறது.” மேன்முறையீடு செய்திருக்கிறேன். இரண்டு நினைவூட்டல்கள் அனுப்பியிருக்கிறேன். பதில் இல்லை.

விசாரணை நாளன்று வெளியே பஸ் தரிப்பிடத்தில் அவளும் தகப்பனும் நின்றார்கள். அவர் ஓடிவந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். “சேர், நவம்பருக்காவது விட்டாங்களே. நீங்க எழும்பிக் கதைச்சபடியாத்தான் எண்டு மகள் சொன்னா. பெரிய உதவி சேர்.” அன்று எனக்குக் கிடைத்த இரண்டாவது நன்றி அது. முறைப்பாடு செய்தது யாரென்று அவள் அவரிடம் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. இரண்டு மாதமாகப் பொய்ச்சாட்சியைப் பற்றி எழுதிவந்தவன், பஸ் வரும்வரை பேசாமல் நின்றேன்.

புள்ளித் திட்டத்தில் வெறுமைக்கான குறைப்பை நீக்கும்படி கல்லூரி அதிபருக்கு எழுதினேன். அடுத்த ஆண்டு மீளாய்வில் பரிசீலிப்பார்களாம். நாற்பத்துநாலாம் பக்கத்தை நாம் மாற்றலாம், அதற்கு எவருடைய அனுமதியும் வேண்டியதில்லை. நீங்கள் இன்னும் என்னோடு சேர்ந்து ஒரு பக்கம் எழுதச் சம்மதிப்பீர்களானால்.

அண்ணன் வீட்டுக்கு வந்து பத்து நாள். காலையும் மாலையும் குறித்துவரும்படி வைத்தியர் ஓர் அட்டை தந்திருக்கிறார். நேற்று மாலை நான்கு மணிக்கு நான் அவருடைய மணிக்கட்டைப் பிடித்தேன். நாடி 82. விரல்களை எடுக்காமல் மார்பைப் பார்க்கத் தொடங்கினேன்.

“என்னடா, இன்னும் நாடியா?”

“ஓம்.”

“இவ்வளவு நேரமா? உனக்கு எண்ணத் தெரியாதா?”

ஏழில் இருந்தேன். போய்விட்டது. மறுபடி தொடங்கினேன். பதினொன்றில், “அந்தப் பிள்ள சோதின பாஸ் பண்ணிட்டாளா?” என்றார். மறுபடி தொடங்கினேன். “கேட்டதுக்குப் பதில் சொல்லன்டா, மரம் மாதிரி இருக்கிறாய்.” பொறு என்று சொல்ல வாயெடுத்தேன். சொன்னால் எண்ணுவது அவருக்குத் தெரிந்துவிடும். தெரிந்தால் மூச்சு மாறிவிடும். அவள் ஏன் வாய் திறக்கவில்லை என்பதற்கு என்மீதான பயம் மட்டும் காரணமல்ல, ஷபீகா. அவள் பக்கம் நாற்பத்தொன்றின்படி நடந்துகொண்டிருந்தாள்.

கையை விட்டேன். அட்டையை எடுத்தேன். நாடிக்கு 82 எழுதினேன். பிறகு அடுத்த கட்டத்தைப் பார்த்தபோது அதில் ஏற்கெனவே 1 என்று இருந்தது. என் கை எழுதிய ஒன்று. பக்கத்தில் எட்டுக்கு இடமும் விட்டிருந்தேன்.

அதை வெட்டிவிட்டு, “எண்ணவில்லை” என்று எழுதினேன்.

ஒஸ்வால்ட்